குடம் எந்தத் தோளில்

நல்லையா அங்கிள் பத்து வயதில் கொள்ளிக்குடத்தை எந்தத் தோளில் வைத்திருந்தார் என்பதுதான் கேள்வி. இடது தோள் என்றால் அவர்மேல் பழி இல்லை. வலது தோள் என்றால் உண்டு. வேறு எதையும் தெரிந்துகொள்ள அவர் அந்த டிவிடியை என்னிடம் அனுப்பவில்லை.

கொண்டுவந்தது அவர் மகள் விஜயா அக்கா. நானும் அவரும் செங் வட்டாரத்தில் ஒரே தொழிற்சாலையில், ஒரே இரவு ஷிப்டில், இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்றோம். பிறகு நான் விட்டுவிட்டேன். அதற்கு முன் பாலிடெக்னிக்கையும் விட்டிருந்தேன். காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மற்றவர்களின் பழைய படங்களைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆடுவதை நிறுத்துவது, மினுக்குவதை அடக்குவது, கீறலை மறைப்பது. எல்லாம் வீட்டுக் கணினியில் ஓடும் சாதாரண மென்பொருள்.

"அப்பாவுக்கு நுரையீரல்ல வந்துருச்சி," என்றார் அக்கா, நாற்காலியில் கிடந்த துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தபடி. "இனிமே வீட்டுலயே வச்சிப் பாத்துக்குங்கன்னுட்டாங்க."

"எவ்ளோ நாளாம்?"

"நாள்தான். மாசம்னு சொல்லல." டிவிடியை நீட்டினார். "இதுல அவரு சின்னப் பையனா இருக்காரு. பாக்கணுங்குறாரு. போட்டா தலைசுத்துது. ஒரே ஆட்டம். பாதியில எல்லாம் தலைகீழா நிக்குது. சுத்தமா ரோசாக், கெட்டுப்போச்சி."

கதையை அன்றுதான் முழுதாகச் சொன்னார்.

நல்லையாவின் அப்பா கலியாணசுந்தரம் மின்கம்பி இழுக்கும் வேலைக்காரர். ஐம்பத்தேழில், மலாய் நாட்டுச் சுதந்திர விழாவுக்காக ஜாலான் துக்காங் எமாஸில் வண்ண பல்புகள் கட்டினார். விழா முடிந்த நாலாம் நாள் அவற்றை அவிழ்க்கும்போது மழையில் நனைந்த மூங்கில் ஏணி வழுக்கியது. கீழே சாக்கடைக் கல். அதே தெருவில் துணிக்கடை வைத்திருந்த அலி அக்பர் அவருக்கு நண்பர். விழாவை எடுக்கவென்றே எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்று வாங்கியிருந்தார். சுருளில் மிச்சமிருந்ததை வைத்து நண்பனின் இறுதிச் சடங்கையும் எடுத்தார். ஏன் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கையில் கேமரா இருந்திருக்கிறது.

மூத்த மகன் என்று நல்லையாவின் தோளில் குடத்தை ஏற்றினார்கள். குடம் இடது தோளில் இருக்க வேண்டும். பிணம் இடக்கைப் பக்கம் வரும்படி மூன்று சுற்று வர வேண்டும். கோயிலைச் சுற்றுவதற்கு நேர் எதிர். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் கத்தி முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார். தண்ணீர் பீச்சும். கடைசியில் குடத்தைப் பின்பக்கம் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இதெல்லாம் பெரியவர்களுக்கே தடுமாறும். பத்து வயதுக்குக் கேட்கவே வேண்டாம்.

நாலு மாதத்தில் நல்லையாவின் அம்மாவும் காய்ச்சலில் போனார். காரியச் சாப்பாட்டில், இலையில் கை வைத்துக்கொண்டு, சித்தப்பா சுப்பையன் சொன்னார்: "அன்னிக்கே பாத்தேன். வலது தோள்ல வச்சிக்கிட்டு, கோயில சுத்துற மாதிரி சுத்துனான். அதான் ஆத்தாளையும் இழுத்துக்கிச்சி."

அதை அன்றே பார்த்திருந்தால் அன்றே ஏன் தடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சொல் நின்றுவிட்டது. தங்கை ஓர் எஸ்டேட்டுக்கும் நல்லையா இன்னோர் எஸ்டேட்டுக்கும் போனார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் அவரை முன்வரிசைக்குக் கூப்பிட மாட்டார்கள். தொண்ணூற்றாறில் விஜயா அக்காவின் அம்மா இறந்தபோதும் யாரோ ஒருவர் அதையே மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்றால் அவர் காதில் விழுகிற அளவுக்கு.

"அவருக்கே ஞாபகமில்ல தம்பி," என்றார் அக்கா. "தண்ணி முதுகுல ஜில்லுன்னு எறங்குனது மட்டும்தான் தெரியுமாம். எந்தத் தோளுன்னு தெரியல. டிவி பாத்துக்கிட்டே இருப்பாரு, திடீர்னு இந்தத் தோளத் தொடுவாரு, அந்தத் தோளத் தொடுவாரு."

படம் இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. அலி அக்பரின் மகள் நூர்ஜஹான் ஒன்பது வருடத்துக்கு முன்பு சுருளை ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கியிருக்கிறார். புளித்துப்போன வாடை வீசியதால் சுருளைக் குப்பையில் போட்டுவிட்டார். வீடு மாறும்போது டிவிடி கையில் அகப்பட்டு, யார் சாவு என்று விசாரித்து, அக்காவிடம் சேர்த்தார். ஆக, இருந்தது அந்த டிவிடி ஒன்றுதான்.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். முதல் பகுதி விழா. மழை பெய்து ஓய்ந்த தெரு, தோரண வளைவு, கொடி பிடித்த பள்ளிப் பிள்ளைகள், அலங்கரித்த லாரி. வளைவில் எழுத்துகள் நேராக இருந்தன. அதைப் பார்த்து, சுருள் முழுதும் நேர்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஓர் ஒட்டு. அதைத் தாண்டினால் சுடலை. ஐம்பத்திரண்டு நொடி. மண் மேலே, வானம் கீழே, மனிதர்கள் தலைகீழாகப் பின்னோக்கி நடக்கிறார்கள். அறுந்த சுருளை ஒட்டியவர் அந்தத் துண்டை மாற்றிப்போட்டு ஒட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. தலைகீழாக இருந்தால் என்ன செய்வது? படத்தை அரைவட்டம் சுழற்றினேன். பின்னோக்கி ஓடினால்? ஓட்டத்தைத் திருப்பிப் போட்டேன். இரண்டு தட்டு. ஆட்கள் காலில் நின்று முன்னோக்கி நடந்தார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆட்டம்தான் பெரிய தொல்லை. அலி அக்பர் கூட்டத்துக்கு இடையே நடந்துகொண்டே எடுத்திருக்கிறார். எந்தப் புள்ளியை அசையாமல் பிடிக்க வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. சுடலையில் அசையாத பொருள் ஒன்றும் அகப்படவில்லை. கேள்வி குடத்தைப் பற்றியது, ஆகையால் குடத்தையே கொடுத்தேன். அது குடத்தை நடுவில் ஆணி அடித்தது போல நிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஆட்டியது. ஓரங்களில் கறுப்புப் பட்டை வந்து வந்து போனது. அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டினேன். சுற்றி நின்றவர்கள் வெட்டுப்பட்டுப் போனார்கள். பையனும் குடமும் பிணத்தின் கால்பக்கமும் மட்டும் மிஞ்சின. வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருந்தன. தூசி நீக்கியை முழு அளவுக்கு வைத்தேன்.

முடிந்ததும் ஓடவிட்டுப் பார்த்தேன். இடுப்பில் ஈர வேட்டியோடு எலும்பும் தோலுமாக ஒரு பையன். குடம் வலது தோளில். பிணம் அவனுக்கு வலக்கைப் பக்கம். கோயிலைச் சுற்றுவது போலத்தான் சுற்றினான்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை வேண்டாம் என்றார்.

"அப்ப அந்தக் கெழவன் சொன்னது நெசந்தானா," என்றார். பிறகு, "தம்பி, இத மாத்த முடியுமா? இந்தப் பக்கத்த அந்தப் பக்கமா?"

"முடியும்."

"கஷ்டமா?"

"ஒரு தட்டுக்கா."

"அப்ப மாத்திக் குடுத்துரேன்லா. சாகப்போற மனுசன். யாருக்கு என்னா நஷ்டம்?"

நான் மாட்டேன் என்றேன். இருப்பதைத்தான் கொடுப்பேன், பொய் செய்ய மாட்டேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்தது. வாழ்க்கையில் அது அடிக்கடி வந்ததில்லை. அக்கா என்னைப் பார்த்தார். "நீ கம்பெனியிலயும் இப்படித்தான். யாரு சொன்னாலும் கேக்க மாட்டே," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். காட்டாமல் இருக்கவும் முடியாது. படம் தயாரா என்று அங்கிள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை மடிக்கணினியோடு புக்கிட் காதிலில் இருந்த அங்கிள் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். நல்லையா அங்கிள் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய்.

"வாப்பா டைரக்டர்," என்றார். "எங்க குடும்பத்துல மொத சினிமா நடிகன் நான்தான். வசனம் ஒண்ணும் குடுக்கலியே?"

"ஊமைப் படம் அங்கிள்."

"நல்லதாப் போச்சி. எனக்கு மூச்சு இல்ல."

அவர் மடியில் வைத்து ஓடவிட்டேன். தோரண வளைவைப் பார்த்து, "அந்த பல்புல்லாம் எங்கப்பா கட்டுனது," என்றார். பிறகு சுடலை வந்தது. பையன் ஒரு சுற்று வந்தான், இரண்டாவது சுற்று, மூன்றாவது. ஐம்பத்திரண்டு நொடி நீளமானது. முடிந்ததும் அவருடைய வலது கை எழுந்து வலது தோளைத் தொட்டது. அங்கேயே இருந்தது.

"சித்தப்பா பொய் சொல்லல," என்றார். "அந்தாளத்தான் இத்தன வருசமா திட்டிக்கிட்டு இருந்தேன். செத்தப்பக்கூட போவல."

"பத்து வயசுப்பா," என்றார் அக்கா. "யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு? சுத்தி நின்ன எருமைங்க என்னா பண்ணிச்சிங்க?"

அங்கிள் திரையை விரலால் தட்டினார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இந்த முறை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"தண்ணி எங்க?"

"என்னா அங்கிள்?"

"தண்ணி. ஓட்ட போட்டா பீச்சும்ல? முதுகெல்லாம் நனைஞ்சிச்சி எனக்கு. இதுல ஒரு சொட்டுகூட வரலியே." மூச்சு வாங்கினார். "எனக்கு ஞாபகமிருந்ததே அது ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா என்னா பண்றது?"

மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டேன். அறைக்கு வந்ததும் தூசி நீக்கியை அணைத்தேன். குடத்தின் பின்னால் ஒவ்வொரு படச்சட்டத்திலும் வெள்ளைப் புள்ளிகள் வளைந்து விழுந்தன. நான் தூசி என்று துடைத்தது தண்ணீரை. ஒரு சட்டத்தில் இருந்து அடுத்த சட்டத்தில் இல்லாமல் போகும் எதையும் அந்த மென்பொருள் அழுக்கு என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் வேறு எதைத் துடைத்தேன் என்று பார்க்க, நிலைப்படுத்தியதையும் வெட்டியதையும் எடுத்துவிட்டேன். ஆட்டத்தோடு முழுப் படமும் வந்தது. வெட்டுப்பட்ட ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஓரத்தில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். சட்டைப்பையில் பேனா. பை வலது மார்பில் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். அவருக்கும் வலது மார்பில் பை. ஓட்டை போடுகிறவர் கத்தியை இடது கையில் பிடித்திருந்தார். நாலாவதாக ஒருவர் கைக்கடிகாரம் கட்டியிருந்தார், வலது கையில்.

ஒரு சுடலையில் இத்தனை பேர் இடம் வலம் மாறிப் பிறந்திருக்க முடியாது.

ஒரு தாளைக் கிழித்து ஒரு பக்கம் பையனை வரைந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எல்லா விதமாகவும் திருப்பிப் பார்த்தேன். சுருளின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகள் அதே பக்கம் வரும்படி துண்டைக் குப்புறப் போட்டால் மேல் கீழாகும், ஓட்டம் பின்னோக்கும், ஆனால் இடமும் வலமும் மாறாது. அதை மேலும் கீழுமாகக் கவிழ்த்திருந்தால் போதும். நான் சுழற்றினேன். சுழற்றியதில் இடம் வலமாயிற்று. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல ஆளைக் காலில் நிறுத்தும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கவிழ்த்தேன். பைகள் இடது மார்புக்குப் போயின. கத்தி வலது கைக்குப் போயிற்று. குடம் இடது தோளுக்கு வந்தது. பிணம் இடக்கைப் பக்கம். பையன் ஒன்றும் தவறவில்லை. மூன்று சுற்றும் ஒழுங்காக வந்தான். முகத்தில் பயம் தெரிந்தது, ஆனால் கால் தடுமாறவில்லை.

அன்று மாலையே ஓடினேன். அக்கா கதவைத் திறந்ததும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நான் கேட்டப்ப பொய் செய்ய மாட்டேன்னே," என்றார். "போ. போயி அவருக்கிட்ட சொல்லு."

அங்கிள் அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. படத்தை அவர் முன் வைத்தேன். தண்ணீர் பீச்சியது. அவர் அதை விரலால் தொட்டார். முதல் முறை பார்த்தபோது இல்லாத ஏதோ ஒன்று முகத்தில் வந்தது. பிறகு அது போயிற்று.

"குடம் இந்தப் பக்கம் இருக்கு," என்றார்.

"ஆமா அங்கிள். அதான் சரி. காலையில நான் தப்பாத் திருப்பிட்டேன்."

"இப்ப?"

"இப்ப சரியாத் திருப்பியிருக்கேன்."

"ஓ." மகளைப் பார்த்தார். "நீ சொன்னியாம்மா?"

"இல்லப்பா. சாமி சத்தியமா இல்ல."

சட்டைப்பையைக் காட்டினேன். பேனாவை, கத்தியை, கடிகாரத்தைக் காட்டினேன். தாளில் வரைந்த பையனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லும்போது கேட்பது போல.

"இத இப்ப பழைய மாதிரி ஆக்க முடியுமா? என் கண்ணு முன்னால."

"முடியும்."

"ஆக்கு."

ஆக்கினேன். குடம் வலது தோளுக்குப் போயிற்று. சட்டைப்பையும் பேனாவும் கூடவே போயின.

"பாத்தியா. எல்லாஞ் சேந்துதான் திரும்புது. பேனாக்காரனும் திரும்புறான்." சிரிக்கப் பார்த்து இருமினார். அக்கா முதுகைத் தடவினார். இருமல் அடங்கப் பாதி நிமிடம் ஆயிற்று. "ஒரு தட்டு. இல்ல?"

"ஒரு தட்டுதான். ஆனா இதுதான் நெசம் அங்கிள். அந்தச் சுருளு மட்டும் இருந்தா..."

"சுருளு இல்லியே தம்பி." கண்ணை மூடிக்கொண்டார். "காலையில நீ காட்டுனது எனக்கு நல்லதாவா இருந்துச்சி? இல்ல. கெட்டதா இருந்துச்சி. அதான் நம்பிட்டேன். இப்ப நல்லதா இருக்கு." மேலே சொல்ல மூச்சு இல்லை. அக்காவின் கையைத் தேடிப் பிடித்தார். "எனக்கு யாரும் குடம் சொமக்க வேணாம். உங்கண்ணன் பாலன்கிட்ட சொல்லிரு. யாரும்."

நான் பதினோரு நாள் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அக்கா அழைத்தார், அங்கிள் போய்விட்டார் என்று. நூர்ஜஹானும் வந்திருந்தார். வெளியே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் அண்ணன் ஜெயபாலன் ஜொகூரிலிருந்து வந்திருந்தார். நாற்பது தாண்டியவர், தாடி மழிக்காமல், தூக்கமில்லாத கண்ணோடு. அப்பா குடம் வேண்டாம் என்றதை அக்கா சொன்னார்.

"அவரு நெனவில்லாம சொல்லியிருப்பாரு," என்றார் ஜெயபாலன். "மகன் நான் உயிரோட இருக்கேன். குடம் இல்லாம அனுப்புனா நாளைக்கி என்னாவெல்லாம் பேசுவானுங்க? ஒனக்குத் தெரியாதா?"

அக்காவுக்குத் தெரியும். அதற்கு மேல் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"போன் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"எடு. முழுசா எடு. சுடலையில பின்னால சொவத்துல எழுத்து இருக்குல்ல, அது தெரியுற மாதிரி நில்லு. எழுத்து போச்சின்னா ஒன்ன சும்மா விட மாட்டேன்."

சுடலைக் கொட்டகையின் சுவரில் நகராண்மையின் அறிவிப்பு மலாய் மொழியில் பெரிய எழுத்தில் இருந்தது. புகைபிடிக்கக் கூடாது, மாலைக் குப்பையை இங்கே போடக் கூடாது. அது சட்டத்துக்குள் முழுதாக வரும் இடமாகப் பார்த்து நின்றேன். ஜெயபாலன் குடத்தை வலது தோளில் ஏற்றப் போனார். நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். இடது தோளுக்கு மாற்றினார். மூன்று சுற்று வந்தார். தண்ணீர் பீச்சி அவர் முதுகில் இறங்கியது. படம் ஆடியது. எழுத்து ஒரு நொடிகூடச் சட்டத்தை விட்டுப் போகவில்லை.

அந்தக் கோப்பு என் கணினியில் இருக்கிறது. நிலைப்படுத்தவில்லை, வெட்டவில்லை, எதையும் துடைக்கவில்லை. பக்கத்திலேயே ஐம்பத்தேழின் ஐம்பத்திரண்டு நொடியும் இருக்கிறது, சரியாகத் திருப்பியது. இரண்டையும் யாரும் கேட்கவில்லை. டிவிடியை நூர்ஜஹானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்யாண வீடியோக்கள் வந்துகொண்டிருக்கின்றன. எதையும் தொடுவதற்கு முன் ஆண்களின் சட்டைப்பை எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன்.